நாற்காலிச் சட்டம்

அத்தியாயம் பதினொன்று

விடிந்ததும் ஊசி தன் கணவரின் கால்சட்டையைப் பிரிக்க உட்கார்ந்தாள். இடுப்பில் இன்னும் ஒரு விரல் அகலம் உள்ளே போக வேண்டியிருந்தது. போன மாதமும் இதே வேலை. அளவு நாடா இதுவரை அவளிடம் பொய் சொன்னதில்லை. மனுஷர் கரைந்துகொண்டிருக்கிறார்.

நூலைக் கோத்தாள். கண் சரியாகத் தெரியவில்லை. விளக்கு மங்கல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஊசி என்பது நாடக அரங்கில் வைத்த பெயர். நடிகர்களுக்கு உடை தைப்பவள். வாயும் அப்படித்தான். வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அதே அரங்கில் மேடையின் இடது பக்க மறைவில் நின்று திரைக் கயிற்றை இழுப்பவர் அவள் கணவர். அவரை எல்லோரும் திரைக்காரர் என்பார்கள்.

மூன்று மாதம் முன்பு, ஒரு நாடகத்தின் கடைசிக் காட்சியில், திரை பாதி மூடியிருந்தபோது அவர் விழுந்தார். பாதித் திரையைப் புதுமை என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. எதிர்ப்பக்க மறைவில் பல்லிடுக்கில் நூலோடு நின்றிருந்த ஊசி முழுவதையும் பார்த்தாள்.

இதயத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு பழைய தழும்பு இருந்திருக்கிறது. அங்கிருந்து துடிப்பு தடம் மாறிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். தோள் எலும்புக்குக் கீழே சின்னதாக ஒரு பெட்டியைத் தைத்து அனுப்பினார்கள். மறுபடி துடிப்பு தாறுமாறானால் பெட்டி ஓர் அதிர்ச்சி கொடுத்துச் சரி செய்யும்.

வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். உடம்பை அலட்டிக்கொள்ள வேண்டாம். இடது கையைச் சில வாரம் தோளுக்கு மேலே தூக்க வேண்டாம். அடுத்த முறை வரும்போது மற்றதைப் பேசலாம் என்றும் சொன்னார். அந்த மூன்றாவது வாக்கியம் ஊசியின் காதில் விழவில்லை. முதல் இரண்டை வைத்து ஒரு சட்டமே எழுதிவிட்டாள்.

அறைக்கு ஒரு நாற்காலி. வாளியைத் தொடக் கூடாது. படி ஏறக் கூடாது. குனியக் கூடாது. தலை வாருவதும் அவள்தான். மாடிப்படியில் போக வர, நாற்காலியோடு தூக்கித்தான் போக வேண்டும்.

இன்றைக்கு அந்த அடுத்த முறை. ட்ரெட்மில் பரிசோதனை. அரங்க மேனேஜர் நேற்றே போன் செய்திருந்தார். வெள்ளிக்கிழமை புது நாடகம். திரைக்கு இப்போது நிற்பது விளக்குப் பிரிவு ஆள். போன வாரம் செத்துக் கிடந்த கதாநாயகனின் கால் இரண்டும் வெளியே நிற்க, திரையை மூடிவிட்டான். கால் மெதுவாக உள்ளே போனது. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அது சோக நாடகம். வேறொரு அனுபவசாலியை நிரந்தரமாக எடுக்கப் போகிறார்கள். திரைக்காரர் திரும்பி வருவாரா மாட்டாரா என்று இன்று சாயங்காலத்துக்குள் தெரிய வேண்டும்.

"தலையை ஆட்டாதீங்க" என்றாள் ஊசி, சீப்போடு.

"ஆட்டல. இருக்கிற நாலு முடிக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?"

"பரிசோதனைக்குப் போறோம். பரதேசி மாதிரி போகணுமா?"

கால்சட்டை கச்சிதமாக இருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாளாகவே அதைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்வதில்லை.

நாற்காலியை மாப்பிள்ளை முன்னால் பிடித்தான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன், ஒல்லி. பின்னால் பிடித்தது திரைக்காரரின் தம்பி, சந்தையில் மாற்றுச் சாவி செய்பவர், குண்டு. முதல் தளத்திலேயே அவருக்கு மூச்சு இரைத்தது.

"இறக்கி வச்சுட்டு மூச்சு வாங்கிக்கோடா" என்றார் மேலே உட்கார்ந்திருந்த நோயாளி.

மகள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுபவள். இன்று விடுப்பு. யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மாற்று உடை கொடுத்தார்கள். முதுகில் கட்டும் நாடா ஒன்று அறுந்திருந்தது. ஊசிக்கு அது போதும். கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்துக்கொண்டு கணவரோடு உடை மாற்றும் அறைக்குள் போனாள். ஒன்றைத் தைக்கப் போனவள் அலமாரியில் கிடந்த மற்ற உடைகளின் நாடாக்களையும் இழுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடந்தது.

மகள் தாழ்வாரத்தில் டாக்டரை மடக்கினாள். டாக்டர் இளம்பெண். கையில் பாதி கடித்த பிஸ்கட்.

"டாக்டர், அப்பா மெஷின்ல ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அம்மாவுக்குத் தெரியக் கூடாது."

விஷயம் சின்னதுதான். காலையில் அம்மா அரங்குக்கு அளவெடுக்கப் போனதும், மகள் வேலைக்குக் கிளம்பும்போது அப்பாவையும் அழைத்துக்கொண்டு டிப்போ வரை நடப்பாள். டிப்போவைச் சுற்றி ஒரு வட்டம். வேறொரு டிரைவர் அவரைத் தன் பேருந்தில் ஏற்றித் தெருமுனையில் இறக்கிவிடுவார். முதலில் அப்பா கம்பத்துக்குக் கம்பம் நின்றார். இப்போது நிற்பதில்லை. நாற்காலியில் அவர் முகம் செத்துப்போய்க் கிடந்தது, பார்க்கச் சகிக்கவில்லை என்றாள்.

தலை சுற்றியதா, படபடப்பு வந்ததா, பெட்டி உதைத்ததா என்று டாக்டர் கேட்டாள். ஒன்றும் இல்லை. சரி என்று டாக்டர் நகர்ந்தாள்.

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மாப்பிள்ளை காத்திருந்தான். மாமா விஷயமாக ஒரு நிமிஷம் என்றான். அத்தைக்கும் தெரியக் கூடாது, தன் மனைவிக்கும் தெரியக் கூடாது. மதியம் சாப்பிட வீட்டுக்கு வருபவன், மாமா கொஞ்சம் இளைப்பாறியதும் அவரைக் கடை வரை நடத்திக் கூட்டிப் போகிறான். லென்ஸ் தேய்ப்பதை மாமா வேடிக்கை பார்ப்பார். மறுபடி நடந்தே திரும்புவார்.

டாக்டர் பிஸ்கட்டை முடித்துவிட்டு அவனை உற்றுப் பார்த்தாள். அவனிடமும் அதே மூன்று கேள்விகள். அதே பதில்கள்.

அறை வாசலில் குண்டு மனிதர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நீங்களும் நடக்கக் கூட்டிட்டுப் போனீங்களா?" என்றாள் டாக்டர்.

அவர் திடுக்கிட்டார். "எப்படித் தெரியும்?"

"முகத்துலயே எழுதியிருக்கு."

சாயங்காலம், அண்ணி நாடகத்துக்குப் போன பிறகு, சந்தையைச் சுற்றி வருவார்களாம். பாதி வழியில் தம்பிக்குக் கால் வலிக்கும். எங்காவது உட்கார்ந்துவிடுவார். அண்ணன்தான் காத்திருந்து எழுப்பிக் கூட்டி வருவார்.

டாக்டர் உள்ளே போய் நோயாளியைக் கேட்டாள். ஊசி அலமாரிக்குள் தலையை விட்டிருந்தாள். திரைக்காரர் கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். மூன்று பேரும் தனித்தனியாக வந்து கூப்பிட்டார்கள். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது. ஒருத்தரோடு போய்விட்டு இன்னொருத்தரை வேண்டாம் என்று சொன்னால் மனசு நோகும். அதனால் எல்லோரோடும் போனார்.

"இப்பவாவது சொன்னீங்களே" என்றாள் டாக்டர். சிரிப்பை அடக்கியது குரலில் தெரிந்தது. "மூச்சு முட்டினாலோ நெஞ்சுல ஏதாவது பண்ணினாலோ உடனே கையைத் தூக்கணும். வீராப்பு வேண்டாம்."

நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். ட்ரெட்மில் பட்டை நகர ஆரம்பித்தது. ஊசி சுவரோடு ஒட்டி நின்றாள். அவளுக்கு மானிட்டரில் ஓடிய கோடு புரியவில்லை. அவர் முழங்காலைத்தான் பார்த்தாள். அன்றைக்கு முதலில் மடங்கியது முழங்கால்தான்.

டெக்னீஷியன் வேகத்தைக் கூட்டினார். பட்டை மேட்டு நிலமாகச் சாய்ந்தது. முழங்கால் மடங்கவில்லை. இன்னும் கூட்டினார். திரைக்காரர் வியர்வையோடு, சீரான மூச்சோடு, ஏதோ வேலைக்கு நேரமாகிவிட்டவர் போல நடந்துகொண்டே இருந்தார். கைப்பை வாரை முறுக்கி முறுக்கி ஊசியின் விரல் சிவந்தது. அரங்கில் அவர் விழுந்த அந்த இடது மறைவுப் பக்கமே அவள் இந்த மூன்று மாதம் போகவில்லை. பின்வாசலைச் சுற்றிக்கொண்டு போவாள். இப்போது கண்ணை எடுக்காமல் நின்றாள்.

பட்டை நின்றது. அவர் இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

டெக்னீஷியன் காகிதத்தை டாக்டரிடம் நீட்டினார். ஒரு துடிப்பு கூட இடறவில்லை என்றார். கூடவே, இப்படி ஒரு பெட்டிக்காரரைப் பார்த்து நாளாகிவிட்டது என்றும் சொன்னார்.

"வீட்ல அவருக்கு என்ன பண்ணினீங்க?" என்று டாக்டர் ஊசியைக் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ண விடல டாக்டர். நாற்காலியை விட்டு அசைய விடல." ஊசியின் குரலில் பெருமை இருந்தது. கொஞ்சம் அழுகையும். "அப்படியும் ஆளு இளைச்சுக்கிட்டே போறாரு. அதைத்தான் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்."

டாக்டர் மற்ற மூவரையும் உள்ளே கூப்பிட்டாள்.

"இவங்க மூணு பேரும் உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம். நான் சொல்றதா இல்ல. வாக்குக் கொடுத்திருக்கேன். மூணு பேருக்கும் தனித்தனியா."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீங்களுமா?" என்றாள் மகள் கணவனிடம்.

"சின்ன மாமா, நீங்களுமா?" என்றான் அவன்.

தம்பி தரையைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார்.

சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்தார். டிப்போ, கண்ணாடிக் கடை, சந்தை. ஊசிக்குச் சந்தேகம் வராமல் ஷூவில் தூசி படிந்தே இருக்க வேண்டும் என்பதற்காக அவர் வீட்டுச் செருப்பிலேயே ஊரைச் சுற்றியது. ஊசி வரும் சத்தம் கேட்டதும் நாற்காலிக்குத் தாவியது. தாவியது என்ற சொல்லைத் தம்பி உடனே விழுங்கினார்.

ஊசி பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை.

"அப்போ இடுப்பு?" என்றாள் கடைசியில்.

யாருக்கும் புரியவில்லை.

"ரெண்டு தடவை பிடிச்சுத் தைச்சேன். இன்னைக்குக் காலையிலும் தைச்சேன். ஆளு உருகிப் போறாரு, இன்னும் எத்தனை நாளைக்கோன்னு நினைச்சுத் தைச்சேன். ஒவ்வொரு தையலுக்கும் அழுதேன். நீங்க என்னடான்னா சந்தையில சுத்தியிருக்கீங்க."



"சொன்னா நீ வேலைக்கே போகமாட்டே ஊசி" என்றார் திரைக்காரர். "என் பக்கத்துல இன்னொரு நாற்காலியைப் போட்டு உக்காந்துடுவே. நீ தைக்கும்போது சொல்லிடலாம்னு தினமும் நினைப்பேன். நீ இடுப்பைப் பிடிச்சுப் பார்க்கிற பார்வையில பயந்துடுவேன்."

"தொப்பை போனதுக்கு அழுத பொண்டாட்டியை நான் இப்பத்தான் பார்க்கிறேன்" என்றாள் டாக்டர்.

முதலில் சிரித்தது மகள். பிறகு தம்பி. ஊசி பல்லைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. மாப்பிள்ளை லென்ஸ் துடைக்கும் துணியை நீட்டினான். அதில் மூக்கைச் சிந்தினாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்து ஊசிக்கு எதிரில் போட்டுக்கொண்டாள். பயப்பட வேண்டியது எது என்று நிதானமாகச் சொன்னாள். இந்த மாதிரி இதயத்துக்கு ஆபத்து தினசரி நடையில் இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைகிற உடம்பில் துடிப்பு நிலையாக இருக்கப் பழகுகிறது. மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு நாள் திடீரென்று எழுந்து முழு மூச்சில் ஒரு வேலையைச் செய்தால், அங்கேதான் இடறும். உங்கள் சட்டம் அவரைக் காப்பாற்றவில்லை, அடுத்த முறை விழுவதற்குத் தயார் செய்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் சொன்னாள். மற்ற மூவருக்கும் திட்டு வெளிப்படையாகவே விழுந்தது. கேட்காமல், ஒருவருக்கொருவர் தெரியாமல், மூன்று மடங்கு நடை. நல்லபடியாக முடிந்தது அதிர்ஷ்டம். இனி ஒரே திட்டம், இங்கே கேட்டுப் போட்ட திட்டம்.

"அப்போ கயிறு?" என்றார் திரைக்காரர்.

டாக்டர் எழுந்து நின்று செய்து காட்டச் சொன்னாள். அவர் காலை அகட்டி, உடம்பைச் சாய்த்து, காற்றில் இழுத்துக் காட்டினார். கனமான வெல்வெட். முதல் இழுப்புக்குத்தான் முழு பலமும் வேண்டும். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் சும்மா நிற்க வேண்டியிருக்கும்.

டாக்டர் தலையை ஆட்டினாள். "இது நடை இல்ல. நான் இப்போ சொன்ன திடீர் வேலையேதான். ஆறு வாரம் இங்க பயிற்சி வகுப்புக்கு வாங்க. எங்க கண்ணு முன்னாடி மெதுவா ஏத்துவோம். அப்புறம் கயிறைப் பத்திப் பேசலாம். இந்த வெள்ளிக்கிழமை கிடையாது."

அவர் கையைக் கீழே விட்டார்.

திரும்பும்போது பேருந்தில் மகளும் மாப்பிள்ளையும் யார் நடை நீளம் என்று கடைசி நிறுத்தம் வரை சண்டை போட்டார்கள். திரைக்காரர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஆறு வாரம் என்பது புது ஆளுக்குக் கயிறு கைக்கு வந்துவிடுகிற காலம். ஊசி அவர் முகத்தைப் பார்த்தாள். எடுத்து வைத்திருந்த இரண்டு மூன்று வசவுகளை அப்படியே விட்டுவிட்டாள்.

மாடிப்படியின் கீழே நாற்காலி காத்திருந்தது. பழக்கத்தில் மாப்பிள்ளையும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

"அதுல யாரை வைக்கப் போறீங்க?" என்றாள் ஊசி.

நாற்காலி காலியாக மேலே போனது. திரைக்காரர் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, நடுவில் ஒரு தரம் நின்று ஏறினார். ஊசி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

"நான் விழுந்தா நீ பிடிப்பியா? ரெண்டு பேரும் உருளுவோம்" என்றார் அவர் திரும்பாமல்.

"வாயை மூடிட்டு மூச்சை விடுங்க."

உள்ளே போவதற்கும் போன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. மேனேஜர். திரைக்காரர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, சாருக்கு வணக்கம் சொல்லி, பரிசோதனை நல்லபடி முடிந்தது என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். ஆறு வாரம் என்றார். அந்தப் பக்கம் நீளமாக ஏதோ பேச்சு. இவர் "புரியுது சார்" என்றார். மறுபடி "புரியுது" என்றார். நாளைக்கு வரும் ஆள் நல்லவர், தனக்கும் தெரியும் என்றார்.

ஊசி போனை வாங்கினாள்.

"ஊசி பேசறேன் சார். வெள்ளிக்கிழமை திரைக்கு ஆள் இருக்கு. ஆறு வாரத்துக்கும் இருக்கு. யாரையும் எடுக்காதீங்க."

யார் என்று மேனேஜர் கேட்டிருக்க வேண்டும்.

"நான்தான். இழுக்கிறது நான். எப்போ இழுக்கணும்னு பக்கத்துல நின்னு அவர் சொல்வார். கயிறு இழுக்க யார் கை வேணும்னாலும் போதும். வசனம் முடிஞ்சு எத்தனை மூச்சு விட்டு இழுக்கணும்னு அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அது தெரியாமத்தான் உங்க ஹீரோ கால் வெளியில கெடந்தது."

இடது மறைவு என்றாலே பின்வாசலைச் சுற்றிப் போகிறவள் அவள் என்பது நால்வருக்கும் தெரியும்.

மேனேஜர் யோசித்தார். நாளைக் காலை ஒத்திகையில் பார்க்கிறேன், புது ஆளும் அங்கே இருப்பார், யார் இழுத்துத் திரை ஒழுங்காக மூடுகிறதோ அவருக்கே வேலை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"அந்தக் கயிறு என்ன கனம்னு தெரியுமா உனக்கு?" என்றார் திரைக்காரர்.

"தெரியாது. சொல்லுங்க."

மகள் படுக்கை விரிப்பை முறுக்கிக் கொண்டுவந்தாள். ஒரு முனையைத் தம்பி இடுப்பில் சுற்றித் தரையில் உட்கார்ந்தார். திரைக்குச் சமமான கனம் வீட்டில் அவர் ஒருவர்தான். மறுமுனையை ஊசி பிடித்தாள். முதல் இழுப்பில் ஒன்றும் நகரவில்லை. இரண்டாவதில் அவள்தான் வழுக்கினாள். மாப்பிள்ளை சிரிப்பை மறைக்கச் சமையலறைக்குள் போனான்.

"கையால இழுக்காதே" என்றார் திரைக்காரர். அவள் பக்கத்தில் வந்து நின்று, அவள் காலைத் தன் காலால் தள்ளி அகட்டி வைத்தார். "முதுகால சாய். அவசரப்படாதே. ஹீரோயின் கடைசி வசனத்தைச் சொல்றா. சொல்லிட்டா. கூட்டம் இன்னும் மூச்சு விடல. பொறு."

ஊசி சாய்ந்து நின்றாள். தம்பியைப் பார்க்கவில்லை. கணவரின் வாயையே பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அணைந்துபோன அவர் முகத்து வெளிச்சம் திரும்பி வந்திருந்தது.

"பொறு" என்றார் மறுபடி. மெதுவாக மூச்சை இழுத்தார். அவளும் இழுத்தாள்.

"இப்போ."

தம்பி உட்கார்ந்தபடியே நகர்ந்தார். தையல் மேஜை வரை வந்து முட்டி நின்றார்.

"அண்ணி" என்றார் தரையிலிருந்து, "நாளைக்கு அந்தப் புது ஆளு எப்படி இழுப்பான்னு தெரியாது. ஆனா கிழிஞ்சு போன என் வேட்டியை முதல்ல தைச்சுக் கொடுங்க."